ஆல்ட்டோ வரிசையின் கடைசி இடம்

தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு 'ஸ்பீக்கர்' என்று பெயர். சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துவாள். அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றதில் வலது காது முழுதாகப் போய்விட்டது. இடது காதில் பாதி மிச்சம். இது வீட்டுக்கு மட்டும் தெரியும்.

வெளியே தெரிந்தால் வேலை போகும். சமீபத்தில் காதுப் பரிசோதனை என்று உட்காரவைத்து, சத்தம் கேட்கவில்லை என்ற இரண்டு பெண்களை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம் வயசுக் கோளாறாம். மூத்தவளுக்கே நாற்பது ஆகவில்லை. காதடைப்பான் கேட்டபோதெல்லாம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறது. அடுத்த பரிசோதனைக்கு யாரை அனுப்புவது என்று சொல்பவர் சூப்பர்வைசர். அவள் பகுதிக்கு வீடு மாறி வந்திருந்த அவர், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தில் அவளுடைய ஆலயத்துப் பாடகர் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். ஆண்களின் வரிசையில், கனத்த பேஸ் குரல்காரர்களோடு, அவளுக்கு நேர் எதிரே நின்றார்.

"பேசாம பாட்டை விட்டுடேன்" என்றான் கணவன்.

"திடீர்னு நின்னா ஏன்னு கேப்பாங்க."

அது பாதி உண்மை. பாடும்போது மட்டும்தான் தலைக்குள் ஓயாத இரைச்சல் அடங்கும். மீதி உண்மை அது.

பெண்களில் தாழ்ந்த குரல்காரர்கள் நிற்கும் ஆல்ட்டோ வரிசையில் அவளுக்குக் கடைசி இடம். பக்கத்தில் நிற்கும் நாத்தனார் முழங்கையால் இடிப்பாள். இடித்ததும் இவள் பாட்டை எடுப்பாள். யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. ஆனால் நான்காம் ஞாயிற்றுக்கு முந்தைய ஒத்திகையில் பாட்டு வாத்தியார், "சோப்ரானோல ரெண்டு பேருக்குத் தொண்டை கட்டிருச்சு. நீ அங்க போம்மா" என்று நாத்தனாரைப் பீடத்தருகே அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கான பாட்டு விவகாரமானது. வாரம் ஒன்றாக ஏற்றும் மெழுகுவர்த்திகளில் நான்காவதை ஏற்றும்போது ஆர்கன் நின்றுவிடும். உச்சக் குரல் பெண்களான சோப்ரானோக்கள் மட்டும் மெல்லப் பாடுவார்கள். அவர்களின் கடைசி ஸ்வரம் ஓய்ந்ததும் ஆல்ட்டோவும் பேஸும் சேர்ந்து எடுக்க வேண்டும். வாத்தியார் முதுகைக் காட்டி ஆர்கன் முன் உட்கார்ந்திருப்பார், கைகாட்ட ஆளில்லை.

"நாங்க முடிச்சதும் நான் புத்தகத்தை மூடறேன், அதைப் பாத்துக்குங்க அண்ணி" என்றாள் நாத்தனார்.

"அந்த ஆளு என்னையே பாக்கறாரு. வாரம் வாரம் பாக்கறாரு."

"அழகா இருக்கீங்களோ என்னவோ. அண்ணன்கிட்ட சொல்லி வைக்கட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிறு காலை ஆலயம் நிரம்பியிருந்தது. காத்திருப்பதே இந்தக் காலத்தின் அழகு என்று பிரசங்கம் செய்தார் போதகர். சிலரை மட்டும் ஏன் காலமெல்லாம் காக்க வைக்கிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆர்கன் நின்றது. சோப்ரானோக்களின் வாய்கள் அசைந்தன. அவள் நாத்தனாரின் கையையே பார்த்தாள். மெழுகுவர்த்தி ஏற்ற வந்த பெரியவர் சரியாகக் குறுக்கே வந்து நின்றார். புத்தகம் மறைந்துவிட்டது. திரி பற்றிக்கொள்ளவில்லை, பெரியவர் நகரவும் இல்லை.

எதிரே சூப்பர்வைசர் கண் கொட்டாமல் அவளைப் பார்த்தார். பயத்தில் அவளையறியாமல் தோள் உயர, மூச்சை இழுத்தாள்.

உடனே சூப்பர்வைசர் எடுத்தார். தனியாக, நெஞ்சு நிறைய, சோப்ரானோக்களின் மெல்லிய ஸ்வரத்துக்கு நடுவே.

ஆலயமே திரும்பியது. அவரோ பாடிக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினார். காதால் தெரியாமல் பிறர் முகத்தைப் பார்த்துத் தப்பைத் தெரிந்துகொள்ளும் அந்த விழிப்பு அவளுக்குப் புதிதல்ல. அவளுடைய முகமே அதுதான்.

அங்கி மாட்டும் அறையில் அவரை மடக்கினாள். கூடவே நாத்தனாரும் வந்து நின்றாள்.

"என் மூச்சைப் பாத்துத்தானா இத்தனை வாரமும் பாடுனீங்க?"

"மெதுவா பேசு."

"மெதுவா பேசுனா உங்களுக்குக் கேக்காதே சார். எந்தக் காது?"

அவர் கதவைப் பார்த்தார். "ரெண்டும்தான். நானும் அந்த மிஷின்ல நின்னவன்தானே."

பிறகு அருகில் வந்து, "உன் பேரை நான் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லாதே. ரெண்டு பேரும் பொழைச்சுப்போம்" என்றார்.

"சரின்னு சொல்லிட்டு வாங்க அண்ணி" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள்.

சரி என்று சொல்லியிருக்கலாம். வேலை நிலைத்திருக்கும். ஆனால் வெறுங்கையோடு போன இரண்டு பெண்களும் அவளுக்கு அடுத்தடுத்த இயந்திரத்தில் நின்றவர்கள். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டு. தன் காதை அடைத்தது கடவுள் என்று மட்டும் அவள் நம்பத் தயாராக இல்லை.

"நாளைக்குக் காலைல மேனேஜர் ரூமுக்குப் போறேன். நான் மட்டும் போனா வயசும்பாங்க, பொறவிக் கோளாறும்பாங்க. நீங்களும் நின்னா மிஷினைத்தான் சொல்லியாகணும்."

அவர் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரின் மேசை முன் அவள் தனியாக நின்றாள். "எனக்குக் காது போயிருச்சு சார். உங்க மிஷினாலதான் போச்சு. போன ரெண்டு பேருக்கும் அதாலதான்."

மேனேஜரின் உதட்டில் ஒரு சிரிப்பு தொடங்கியது. "வயசானா எல்லாருக்கும்..." என்ற வரை அவள் உதட்டைப் படித்தாள். அங்கே சிரிப்பு நின்றது. அவர் கண்கள் அவள் தோளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போயின.

பின்னால் கதவு திறந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. சற்றுத் தாமதம்தான், ஆனாலும் சூப்பர்வைசரும் எடுத்துவிட்டார்.