கெட்டி ஆயில் கட்சி

1. பத்தாம் நாள்

துறைமுக ரோட்டு எஞ்சின் ஆயில் கடையில் நான் கவுண்டருக்கு வந்து பத்தாவது நாள். முதலாளி சாத்தான்குளத்துக்காரர். காலையில் கடை திறந்ததுமே சொல்லிவிட்டார்: “செல்வி, இன்னைக்கு சேவியர் வாராரு. மூணு விசைப்படகுக்கும் பேரல் பேரலா நம்மகிட்டதான் எடுக்காரு. அவரு முகஞ்சுளிச்சிட்டுப் போனாருன்னா நீ நாளைக்கு வரவேண்டாம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் துடைத்த கவுண்டரையே மறுபடியும் துடைத்தேன். அந்த வேலை எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

சேவியர் வந்தது படகுக்காக அல்ல. மனைவி ஓட்டும் சின்ன பெட்ரோல் காருக்கு அவரே ஆயில் மாற்றப்போகிறாராம். காரோடு கம்பெனி கொடுத்த புத்தகத்தைக் கேட்டு வாங்கிக் கவுண்டரில் விரித்தேன். ஊற்றவேண்டிய ஆயில் 0W-20 என்று இருந்தது. சாம்பிள் பாட்டிலை நீட்டினேன். ஒரு சொட்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். படகுக்காரர்கள் எந்த ஆயிலையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

“என்னளா இது, தண்ணியா இருக்கு! எஞ்சின் ஒரு மாசம் தாங்காது. என் படகுக்கு ஊத்துத நாப்பதாம் நம்பர் ஆயில எடு.”

“அண்ணாச்சி, அது பெரிய டீசல் எஞ்சினுக்கு. இதுல W-க்கு முன்னால போட்டிருக்க நம்பரு குளிருக்கு...”

“தூத்துக்குடியில எங்கனளா பனி பெய்யுது?”

கடையில் நின்ற உப்பு லாரி டிரைவர்கள் இருவரும் வெடித்துச் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன். சிரிப்பு வந்தால் எனக்குத் துணிச்சலும் சேர்ந்து வந்துவிடும். அதுதான் வினை.

2. தட்டில் ஓட்டப்பந்தயம்

ஒரு தகரத் தட்டைச் சாய்த்து வைத்தேன். மேல் விளிம்பில் இந்த ஓரம் 0W-20 ஒரு சொட்டு, அந்த ஓரம் படகு ஆயில் ஒரு சொட்டு. சின்ன எஞ்சினில் ஆயில் போகும் வழியெல்லாம் ஒடுக்கம். சாவியைத் திருப்பியதும் எது வேகமாக எஞ்சினின் மேல்பகுதிக்குப் போய்ச் சேருகிறதோ அதுவே நல்லது என்று பெரிய வாத்தியார் மாதிரி விளக்கினேன். டிரைவர்கள் ஆளுக்கொரு ஆயிலுக்கு டீ பந்தயம் கட்டினார்கள். “ஓடுலே! ஓடுலே!” என்று ஒரே சத்தம். ரோட்டில் போனவர்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

0W-20 விறுவிறுவென்று இறங்கி அடியைத் தொட்டது. படகு ஆயில் பாதி வழியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது. நான் கவுண்டருக்குப் பின்னால் குதியோ குதி என்று குதித்தேன்.

“பாத்தியளா அண்ணாச்சி!”

சேவியர் என்னைவிட உயரமாகக் கையைத் தூக்கினார். “நீ பாத்தியா? எப்படி ஒட்டிக்கிட்டு நிக்கி! விட்டுட்டு ஓடுததா நல்ல ஆயிலு? எனக்கு இதான் வேணும்!”

கடையே கைதட்டியது, 0W-20 மேல் கட்டி ஜெயித்த டிரைவர் உட்பட. முதலாளி மட்டும் தட்டவில்லை. என்னைப் பார்த்தார்.

3. ஒரே ஒரு கேள்வி

கேட்டதைக் கொடுத்துவிட்டால் அவர் சந்தோஷமாகப் போவார், என் வேலையும் நிலைக்கும். படகு ஆயில் கேனில் கை வைத்தேன். அந்தக் காரை நினைத்தால் எடுக்க மனம் வரவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணே ஒண்ணு. உங்க படகுக்கு இந்தக் கார் ஆயில ஊத்திப் பாப்பமா?”

“பைத்தியமாளா ஒனக்கு? எஞ்சின் செஞ்சவன் நாப்பதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமா?”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கவுண்டரில் விரிந்து கிடந்த கார் புத்தகத்தைப் பார்த்தார். அப்புறம் சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

“எடுளா அந்தத் தண்ணிய!” முதலாளியிடம் திரும்பி, “இந்தப் பிள்ளைய விட்டுராதீரும்வே” என்றார்.

வருஷங்கள் கழித்து, இன்று எனக்குக் கீழே நான்கு பேர் கவுண்டரில் நிற்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வித்தை காட்டாதீர்கள், வந்தவருக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேளுங்கள். மிச்சத்தை அவரே சொல்லிக்கொள்வார்.

அன்று மாலை தரையில் கால் பாவாமல்தான் வீட்டுக்குப் போனேன். போனதும் என் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கிப் புத்தகத்தை எடுத்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவே இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே 10W-30 என்று இருந்தது. கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்று மெக்கானிக் மூன்று வருஷமாக 20W-40 ஊற்றிவந்தார், நானும் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். சேவியர் அண்ணாச்சியாவது விரலால் தொட்டுப் பார்த்தார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.