ஓணத்துக்கு விற்ற பெட்டிகள்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் எங்கள் மொத்த வியாபாரியின் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் அவர். நாகர்கோவில்காரர். ஒல்லியான உடம்பு, காதிடுக்கில் எப்போதும் ஒரு சாக்பீஸ். உள்ளே வரும் ஒவ்வொரு பெட்டியிலும் வந்த தேதியை எழுதிவிட்டுத்தான் அடுக்குவார்.

நான் அப்போது ஒரு செல்போன் கம்பெனியின் விற்பனை அதிகாரி. அந்த டிசம்பரோடு முடிந்த காலாண்டில் கேரளத்தில் எங்கள் விற்பனை உச்சம் என்று பத்திரிகையில் வந்திருந்தது. திருவனந்தபுரத்துக் கணக்கை எழுதி அனுப்பியவன் நான்தான். ஒரு பெட்டி லட்டோடு கிடங்குக்குப் போனேன்.

அவர் ஷட்டரைத் தூக்கினார். தரையிலிருந்து கூரை வரை எங்கள் போன் பெட்டிகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"என்ன இது?" என்றேன்.

"நீங்க வித்ததுதான் சாரே. இந்த வரிசை ஓணத்துக்கு வித்தது. அந்தா இருக்கது கிறிஸ்துமஸுக்கு வித்தது."

எங்களிடமிருந்து லாரி ஏறிவிட்டாலே விற்பனை என்று எழுதுவது கம்பெனி வழக்கம். ஆனால் யாரோ எங்கோ அந்தப் போன்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

"ஒருத்தரும் வாங்கலையா?"

"அது எனக்கு அறிஞ்சூடா, தெரியாது. ஆனா இனி விக்கதுக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லிருங்க சாரே. வைக்க இடமில்ல, கேட்டீயளா?"

சொல்லிவிட்டு லட்டுப் பெட்டியை வாங்கினார். காதிலிருந்து சாக்பீஸை எடுத்து அதன் மேலும் அன்றைய தேதியை எழுதி, கிறிஸ்துமஸ் வரிசையோடு சேர்த்து வைத்தார். கிண்டலா, கைப்பழக்கமா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.