அணுகுண்டுக்குத் தீர்ப்புச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள்

முதியோர் இல்ல வேலையில் முதுகு நோவுக்கு மருந்து இருக்கிறது, காதில் விழுகிற கதைகளுக்குத்தான் ஒன்றும் இல்லை. இதே வேலையில் மாரடிக்கிற உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அடுத்தவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டியே நமக்கு நாள் போகிறது. அப்படியிருந்தும் சில நாட்களில் மனம் ஆடிப்போய்விடுகிறது.

பிறந்தநாள் படம்

அவுஸ்திரேலியாவில் ஸ்பிரிங்வேலுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் இல்லம். சாப்பாட்டு அறையில் யாரை யாரோடு இருத்துவது என்பது என் பொறுப்பு. நான் அதிகம் பயப்படுகிற வேலையும் அதுதான். பிழையாக இருத்தினால் கோப்பை பறக்கும். மார்கரெட்டையும் ஃபுமிகோவையும் ஒரே மேசையில் இருத்தியது என் கெட்டித்தனம் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மார்கரெட் எண்பதை நெருங்குகிற வெள்ளைக்காரி, குரல் சமையல் நடக்கிற குசினி வரைக்கும் கேட்கும். ஃபுமிகோ தொண்ணூறைத் தாண்டியவர். அவுஸ்திரேலியச் சிப்பாய் ஒருவரைக் கல்யாணம் செய்து யப்பானிலிருந்து வந்தவர். இரண்டு பேருக்கும் சீட்டு விளையாட்டில் பைத்தியம். ஃபுமிகோவின் விரல்கள் மடங்காது என்பதால் மார்கரெட்தான் அவருக்கு இறைச்சி வெட்டிக் கொடுப்பார்.

ஃபுமிகோவின் பிறந்தநாளுக்குப் படம் எடுத்தோம். ஃபோன் பளிச்சென்று மின்னியது. மறுகணம் ஃபுமிகோ இரண்டு பெருவிரலாலும் காதை அடைத்து, மற்ற விரல்களால் கண்ணைப் பொத்திக் குனிந்துவிட்டார். குண்டு விழும்போது இப்படிச் செய் என்று வன்னியில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் சொல்லித் தந்தார்கள். மற்றவர்கள் வெட்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். மார்கரெட் அவர் தோளில் தட்டிக் கேட்டார்: "என்ன ஃபுமி, கேக்கை வெட்டச் சொன்னால் ஒளிந்து விளையாடுகிறாயா?"

நான் வாயைத் திறந்த நாள்

பண்பாட்டு வாரத்துக்கு வேலைக்காரர் எல்லோரும் தங்கள் நாட்டு விஷயம் ஒன்று செய்யவேண்டும் என்றார், நிகழ்ச்சிகளைப் பார்க்கும் டெபி. சென்னையிலிருந்து வந்த கவிதா நடனம் ஆடலாம் என்றாள். எனக்கு முழங்கால் நோவு. அதனால் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்கள் ஆட்கள் பட்டிமன்றம் வைப்பார்கள், இரண்டு பக்கமும் பிரிந்து வாதாடும், சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும், கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்லுவார் என்றேன். டெபிக்குச் சரியான சந்தோசம். "அப்படியானால் நடுவர் நீங்கள்தான்!"

தேநீரா கோப்பியா என்று கேட்பார்கள் என நம்பியிருந்தேன். தலைப்பை முதியவர்களிடமே விட்டார் டெபி. சக்கர நாற்காலியிலிருந்து கென் என்ற கிழவர் கையைத் தூக்கினார்: "யப்பானில் அணுகுண்டு போட்டது சரியா, பிழையா?" பிங்கோ விளையாட்டுக்குத் தூக்குவதுபோல மளமளவென்று கைகள் எழும்பின. ஃபுமிகோ தலையை நிமிர்த்தாமல் சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார். வேறு தலைப்பு வைக்கலாமே என்று டெபியிடம் கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் விரும்பிக் கேட்டதாயிற்றே என்று போய்விட்டார். கவிதா என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, மாமியார் மருமகள் சண்டைன்னு நினைச்சேன், இவங்க ஹிரோஷிமாவையே கொண்டுவந்துட்டாங்க!"

பெயர் கொடுக்காத பேச்சாளர்

பட்டிமன்றத்தன்று முதலில் மார்கரெட் எழும்பினார். அவருடைய அப்பா யப்பானியரின் சிறைமுகாமில் கிடந்தவராம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அங்கேயே செத்திருப்பாராம். "குண்டு விழுந்தது, சண்டை முடிந்தது, அப்பா எலும்பும் தோலுமாக வீட்டுக்கு வந்தார். அதன் பிறகுதான் நான் பிறந்தேன். அந்தக் குண்டு இல்லாவிட்டால் நான் இல்லை." கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

எதிர்ப்பக்கம் பேச இருந்தவர் தூங்கிவிட்டார். அப்போது எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லாத ஃபுமிகோ மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். குண்டுத் தீ பரவாமல் இருக்க வீடுகளை இடிக்கிற வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள் என்றார். குண்டு விழுந்த அன்று காலை அக்காவும் அந்த வேலைக்கு ஹிரோஷிமாவுக்குப் போனார். "நான் ஊருக்கு வெளியே இருந்தேன். வெளிச்சத்தை மட்டும் கண்டேன். பிறகு நானும் அம்மாவும் தேடிப் போனோம். முகத்தை வைத்து அல்ல, அம்மா தைத்துக் கொடுத்த இடுப்புப் பட்டியை வைத்துத்தான் அக்காவைக் கண்டுபிடித்தோம்." சொல்லிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். ஒரே மேசையில் அத்தனை காலம் இருந்தும் மார்கரெட்டுக்கு இது தெரியாது. அவர் முகம் வெளிறிப்போனது. அந்த நேரத்தில் கென் என் பக்கம் திரும்பினார்: "சரி, நடுவர் என்ன சொல்கிறார்?"

தீர்ப்பு

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தின்மேல் குண்டு விழுந்ததால் நின்றவள். அதைப் போட்டவர்களும் சண்டையைக் கெதியாக, சட்டென்று முடிக்கத்தான் போட்டோம் என்றார்கள். ஆனால் மார்கரெட்டின் முகத்தைப் பார்த்து உன் அப்பா வந்திருக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? சரி என்று சொன்னால் ஃபுமிகோவின் அக்காவை நானும் ஒருதரம் எரித்த மாதிரி. பட்டிமன்ற நடுவர்கள் இந்த இடத்தில் ஒரு பகிடி விட்டுச் சிரிக்கவைத்துத் தப்புவார்கள். நானோ தேநீர் ஆறுகிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் ஓடினேன்.

நல்ல சோடியை நான்தான் பிரித்தேன் என்று வீட்டில் போய் அழுதேன். மறுநாள் மதியம் பயத்தில் மார்கரெட்டின் கதிரையைக் கென்னின் மேசைக்கு மாற்றிவைத்தேன். மார்கரெட் வந்தார், பார்த்தார். என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, பிடித்து நடக்கிற தள்ளுவண்டியை விட்டுக் கதிரையைக் கிறீச்சென்று இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய இடத்தில் போட்டார். ஃபுமிகோவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். இறைச்சியை வெட்டத் தொடங்கினார். "நான் சொன்னதை மாற்றமாட்டேன், ஃபுமி." ஃபுமிகோ நிமிர்ந்து பார்த்தார்: "நானும் மாற்றமாட்டேன். இறைச்சியைச் சின்னதாக வெட்டு."

அடுத்த பண்பாட்டு வாரத்துக்குக் கோலம் போடுவதாகப் பெயர் கொடுத்துவிட்டேன், முழங்கால் நொந்தாலும் பரவாயில்லை, கோலத்துக்கு ஒருவரும் தீர்ப்புக் கேட்கமாட்டார்கள்.