கடலைக்கடையில் என் நாவல்

எழுபதுகளில் நடந்தது இது. எந்தப் பதிப்பகமும் சீண்டாத என் முதல் நாவலைத் தேனியில் சொந்தச் செலவில் அச்சடித்து, சின்னமனூர்ப் புத்தகக் கடையில் ஒரு கட்டு கொடுத்திருந்தேன். அடுத்த வாரமே கட்டு காலி.

“உத்தமபாளையத்துல கடலைக்கடை வச்சிருக்க பாய் மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிட்டாக,” என்றார் கடைக்காரர்.

ஒரே புத்தகத்தின் இத்தனை பிரதிகள் கடலைக்கடைக்கு எதற்கு? பொட்டலம் மடிக்கத்தான்! சண்டை போடுவதென்றே பஸ் ஏறினேன்.

நினைத்தது சரிதான். எதிர்ப்பக்கம் நின்று பார்க்கும்போதே, பாய் என் நாவலில் ஒரு தாளைக் கிழித்துச் சுருட்டிக் கடலையைக் கொட்டினார். ரோட்டைக் கடந்தேன்.

எனக்கு முன்னால், களையெடுத்துவிட்டு வந்த ஒரு பெண் நின்றிருந்தாள்.

“பாய், நேத்து அவ கொழுந்தன் கதவத் தட்டுனதோட நின்னுபோச்சு. அடுத்த தாள்ல மடிச்சுக் குடுங்க.”

“பொறு ஆத்தா,” என்று பாய் பிரதிகளைப் புரட்டி அவளுக்கான தாளைத் தேடினார்.

பக்கத்தில் நின்ற வண்டிக்காரர் பதறினார். “ஏத்தா, கதையச் சொல்லிப்புடாத. நான் இன்னும் அங்கன வரல!”

சண்டையை மறந்து, பாய் தேடிய தாளை நானும் எட்டிப் பார்த்தேன். எதுவும் வாங்காமல் நின்ற என்னைப் பாய் சந்தேகமாகப் பார்த்தார்.

“ஊருக்குப் புதுசா? மொதத் தாள்ல இருந்து தரவா?”

வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் கடலையைத் தின்றபடி வாசித்தபோது, என் முதல் பக்கம் கொஞ்சம் இழுவையாகத்தான் இருந்தது.

அதன்பிறகு நான் கடைக்காரர்களைச் சந்தேகப்பட்டதில்லை. ஒவ்வொரு தாளையும் எழுதி முடிக்கும்போது என்மேல்தான் சந்தேகம். அந்தப் பெண் நாளைக்கும் வருவாளா?