சகலை இழைத்த நான்கு சட்டங்கள்

அந்தப் படகின் தளத்தில் முதன்முறை கால் வைத்தபோது குதிகால் உள்ளே இறங்கியது. உடையவில்லை. டீயில் நனைந்த பன்னை விரலால் அழுத்தினால் எப்படி அமுங்குமோ அப்படி அமுங்கி, காலை எடுத்ததும் மெதுவாக மேலே வந்தது. அணையின் பின்நீரில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடிய பதினெட்டு அடி ஃபைபர் படகு அது. லாரியில் ஏற்றி, மைசூரில் எங்கள் பட்டறை வாசலில் கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, நீல வர்ணம் பளிச்சென்று இருந்தது. என் பின்னால் ஏறி வந்த சகலை, நான் மிதித்த அதே இடத்தில் குந்தி உட்கார்ந்து, விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "உள்ள ஒண்ணுமே இல்லீங்ணா, எல்லாம் மக்கிப் போச்சு" என்றார். கண்டுபிடித்தவன் நான், வாயைத் திறந்து சொன்னவர் அவர். கீழே நின்றிருந்த முதலாளி அவரைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். என்னைவிட ஆறு வயது இளையவர், தச்சு வேலைக்காரர். மார்டள்ளியில் என் மாமியார் வீட்டில் நான் பெரிய மாப்பிள்ளை, அவர் சின்ன மாப்பிள்ளை. அவரைப் பட்டறைக்கு அழைத்து வந்தவனே நான்தான். "சின்ன மாப்ளைக்கும் ஒங்க கம்பெனியில ஒரு வேலைக்குச் சொல்லுங்க சாமி" என்று மாமியார் கேட்டார், நானும் பெரிய மனுசனாட்டம் முதலாளியிடம் பேசிச் சேர்த்துவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். அவருக்கு முன்னால் பதினோரு வருடம் அங்கே தண்ணீர்த் தொட்டியும், பூங்காக்களுக்குச் சறுக்குமரமும், தசரா ஊர்வலத்துக்கு யானைத் தலையும் ஃபைபரில் வார்த்துக்கொண்டிருந்தவன் நான். என் கன்னடத்தைக் கேட்டுச் சிரிக்காத ஆள் பட்டறையில் இல்லை. வந்த மூன்றாம் மாதமே அவர் கன்னடத்தில் ஜோக்கடித்துப் பத்துப் பேரைச் சிரிக்க வைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன பயன்?

வீட்டிலும் அதே பேச்சுத்தான். தங்கை வீட்டில் அவர் அடித்துக் கொடுத்த அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து, என் மனைவி ஒரு வாரம் எங்கள் வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை, குறை சொல்லவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். ஃபைபர்காரன் வீட்டுக்கு என்ன செய்து கொடுக்க முடியும்? ஒரு தொட்டி செய்து மொட்டை மாடியில் வைத்தேன். அது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

படகு வந்த அன்று முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். படகுக்குச் சொந்தக்காரர்களான விடுதிக்காரர்களிடம் இதே போல இன்னும் ஆறு படகுகள் இருக்கின்றன, இது நன்றாக அமைந்தால் எல்லாமே நம்மிடம் வரும் என்றார். "நோடப்பா, இங்க பாருங்க, அவ்வளவு வேலை வந்தா மேல நின்னு பாக்க ஒரு மேஸ்திரி வேணும். வெளியில இருந்து கொண்டுவர மாட்டேன். ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்" என்றார். சகலை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் என்னை எல்லோரும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மேஸ்திரி என்று யாராவது ஒரு தடவை கூப்பிட்டுவிட மாட்டார்களா என்று நான் ஏங்கியது என் மனைவிக்குக்கூடத் தெரியாது.

கிரைண்டரால் தளத்தை வெட்டி எடுத்தோம். அடியில் அடைத்திருந்த ஃபோம் தண்ணீர் குடித்து, பிழிந்தால் சொட்டியது. படகின் அடிவயிற்றில் முன்னிருந்து பின்வரை நீளவாக்கில் நான்கு மரச் சட்டங்கள் ஓடும். அவற்றின் மேல்தான் தளம் உட்காரும், படகின் வடிவத்தையும் அவைதான் பிடித்து நிறுத்தும். அவற்றை ஃபைபரால் பொதிந்து மூடியிருப்பார்கள். மேலுறையைக் கிழித்தால் உள்ளே மரம் இல்லை, கறுத்த டீத்தூள் போல ஏதோ இருந்தது. இருக்கைகளுக்குத் திருகாணி போட்டவர்கள் அந்த ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது. நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் படகு தன் எடையிலேயே கோணிக்கொள்ளும், அதனால் முதலில் மணல் மூட்டை அண்டக் கொடுக்க வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அதைச் சொன்னபோது முதலாளி தலையாட்டினார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு ருசித்தது. மறுநாள் சகலை, ஒவ்வொரு பழைய சட்டத்தையும் எடுப்பதற்கு முன்னால் மெல்லிய பிளைவுட்டை அதன் பக்கத்தில் வைத்து வளைவைக் கோடு இழுத்து எடுத்துக்கொண்டார். அந்த அளவுக்கு வெண்தேக்கில் நான்கு சட்டங்கள் இழைத்தார். வைத்துப் பார்த்தால் அடியில் ஒரு தாள் நுழைய இடமில்லை. பட்டறையே வந்து பார்த்தது. முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, சகலையின் தோளில் கை வைத்தார். என் தோளில் அவர் ஒருநாளும் கை வைத்ததில்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. மைசூரில் அந்த நாளுக்கு முன்தினம் ஒவ்வொரு பட்டறையும் குளிக்கும். மிஷின், தரை, சுவர், வாசல் எல்லாவற்றையும் கழுவித் தள்ளுவார்கள். எங்கள் பட்டறையில் ஹோஸ் பிடிப்பது எப்போதும் என் வேலை. சகலை சட்டங்களைப் பின்பக்கம் செங்கல் மேல் அடுக்கி, பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவிட்டு, வாழைக்கன்றும் சாமந்தியும் பூசணிக்காயும் வாங்க மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். "அண்ணா, பின்னாடி சட்டம் கெடக்குதுங்க, தண்ணி படாம பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

பின்சுவரைக் கழுவும்போது தண்ணீரின் வேகத்தில் ஷீட் பறந்து விலகியது. அதை நான் செய்யவில்லை. ஆனால் அதன் பிறகு நடந்ததெல்லாம் நான் செய்ததுதான். தண்ணீர் நேராகச் சட்டங்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஹோஸைத் திருப்ப வேண்டும் என்று தெரிந்தது, கை திரும்பவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது, மனதுக்குள் முதலாளியின் கை அந்தத் தோளில் இருந்த நேரம் அளவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுமுனைகள் தண்ணீரைக் குடித்துக் கறுத்ததைப் பார்த்தேன். பிறகு குழாயை மூடிவிட்டு, நனைந்த சட்டங்களின் மேலேயே ஷீட்டை இழுத்து, ஓரங்களில் கல் வைத்து ஒழுங்காக மூடினேன். அப்படி மூடினால் ஈரம் வெளியே போகாது என்பது எனக்குத் தெரியும். பூஜை அன்று எல்லாக் கருவிகளோடும் சேர்த்துச் சட்டங்களுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். எல்லோருக்கும் பொரியும் கடலையும் கொடுத்தார்கள். நானும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் விஜயதசமி, தொட்டது துலங்கும் என்று முதலாளி அன்றே சட்டங்களை உட்கார வைத்து ஃபைபர் போடச் சொன்னார். ஃபைபரை ஒட்டவைக்கும் ரெசின் ஈர மரத்தில் பிடிக்காது. இந்த வேலைக்கு வருகிறவன் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது இது. மரம் காய்ந்ததா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியது ஃபைபர்காரன், தச்சர் அல்ல. சகலை முறைப்படி என்னிடம்தான் கேட்டார். "காஞ்சிருக்குதுங்களா ண்ணா? ஒரு தடவ கை வெச்சுப் பாத்துச் சொல்லுங்க." மேல்பக்கம் காய்ந்த மாதிரிதான் இருந்தது. நான் கையைக்கூட வைக்கவில்லை. "காஞ்சிருக்கு" என்றேன். மரம் சரியில்லை என்று ஒருநாள் தெரியவரும், மரம் அவருடையது, அவ்வளவுதான் என் கணக்கு. இப்படி யோசித்தவன் மடையன் என்பது இப்போது புரிகிறது. படகு கெட்டால் முதலில் உரிந்துவருவது ஃபைபர், அது என்னுடையது.

அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் படகு திரும்பி வந்தது. பின் இருக்கைக்குக் கீழே தளம் மறுபடியும் அமுங்கியது. விடுதிக்காரர் எல்லோர் முன்னாலும் முதலாளியிடம் கத்திவிட்டுப் போனார். முதலாளி என் பக்கம் திரும்பி, "ஃபைபர் யார் போட்டது?" என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார். சகலை அதற்குள் படகில் ஏறி, கிரைண்டரைப் பிடித்துத் தளத்தை வெட்டிவிட்டார். ஊறிய நிலக்கடலையில் தோல் உரிவது போல, சட்டத்தின் மேல் நான் போட்ட ஃபைபர் கையோடு வந்தது. உள்ளே, பூஜை அன்று வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. பொட்டாக இல்லை. மரத்தின் ரேகையோடு விரல் நீளத்துக்கு ஊறிப் பரவியிருந்தது. காய்ந்த மரத்தில் குங்குமம் அப்படி ஓடாது. பூஜைக்கு முன்பே மரம் நனைந்திருந்தால்தான் ஓடும். முந்தின நாள் பட்டறையில் ஹோஸ் பிடித்தது யார் என்று அவருக்குத் தெரியும். அவர் அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கீழே முதலாளியைப் பார்த்து, "ஃபைபர் மேல தப்பு இல்லீங்க. மரத்த நான் சரியாக் காயப் போடல. அண்ணாகிட்ட காஞ்சிருச்சுன்னு நாந்தான் சொன்னேன்" என்றார்.

எனக்கு அந்த நிமிடத்தில் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவரால் எப்படி இதை இவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிகிறது என்ற பொறாமைதான் வந்தது. நான் செய்யாத ஒரு தப்பை ஒத்துக்கொள்வது இருக்கட்டும், செய்த தப்பை ஒத்துக்கொள்ளவே எனக்கு வாய் வரவில்லை. அவரோ தன்னுடையது அல்லாததை, கடையில் சில்லறை எடுத்துப் போடுவது போலப் போட்டுவிட்டார். சாயங்காலம் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் அவரை மடக்கி, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஏறக்குறையச் சண்டை போடும் குரலில்தான் கேட்டேன். அவர் பூட்டைத் திறந்துகொண்டே, "ஒங்க பேரு கெட்டா ஒங்களுக்கு வேற எடம் இல்லீங்ணா. எனக்கு மரம் இருக்குது, எங்க போனாலும் பொழச்சுக்குவேன்" என்றார். குத்திக்காட்டுகிற தொனி கொஞ்சம்கூட இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன்.

எட்டு நாளில் புதிதாக நான்கு சட்டங்கள் இழைத்தார். வெட்டுமுனைகளுக்கு ரெசின் பூசிக் காயவைத்தார். நான் ஒவ்வொன்றையும் மேலும் கீழும் தொட்டுப் பார்த்து, ஒரு நாள் கூடுதலாக வெயிலில் போட்டு, பிறகு ஃபைபர் போட்டேன். அந்த எட்டு நாளில் நாங்கள் பேசிய வார்த்தைகளை எண்ணிவிடலாம். படகு போன மறுநாள் அவர் கணக்கு முடித்துக்கொண்டு, கொள்ளேகால் பக்கம் சொந்தமாகக் கதவு, ஜன்னல் கடை போடப் போய்விட்டார். அந்த வாரமே முதலாளி என்னை மேஸ்திரி ஆக்கினார். முதலாளி கணக்கில் தப்புச் செய்தவர் போய்விட்டார், மிச்சம் இருந்தவன் நான், அதனால் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். திருட்டுத்தனமாக வந்ததுதான். ஆனாலும் வந்ததே என்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன். அதன் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. விசேஷங்களில் அவரைப் பார்க்கும்போது "நல்லா இருக்கீங்களா ண்ணா" என்பார், "இருக்கேன்" என்பேன். அவர் கடை பெரிதாகியிருக்கிறது. அதுகூட எனக்கு அவ்வளவாக உறுத்தவில்லை. நான் மேஸ்திரி, அவர் இல்லை என்று ஒரு மூலையில் சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் அந்தப் படகு வர்ணம் அடிக்க மறுபடி வந்தது. இப்போது பட்டறையை முதலாளியின் மகன் பார்த்துக்கொள்கிறான். முதலாளி எப்போதாவது வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து போவார். அன்று வந்தவர், என் கையைப் பிடித்துக்கொண்டு படகில் ஏறி, தளத்தின் நடுவில் நின்று காலால் ஓங்கி மிதித்தார். அசையவில்லை. "பர்வாகில்ல, ஒன் சகலை போட்ட மரம் இன்னும் நிக்குது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஃபைபர் நான் போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தன் போக்கில் பேசிக்கொண்டே போனார்.

"மரம் காயலன்னு அவன் ஒத்துக்கிட்டான் பாரு, அன்னிக்குத்தான் அவன மேஸ்திரி ஆக்கறதுன்னு முடிவு பண்ணினேன். தப்ப மறைக்கறவன் ஊரு பூரா இருக்கான், ஒத்துக்கறவன் எங்க கெடைக்கறான்? அவன்தான் வேணாம்னுட்டான். 'அண்ணாவுக்குக் குடுங்க, அவருக்கு அது வேணும்'னான். அதச் சொல்லிட்டுத்தான் கணக்கு முடிச்சான். ஒங்கிட்ட சொல்லியிருப்பானே?"

இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு அது வேணும். நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் தெரிந்து வைத்திருந்திருக்கிறார். பட்டறைக்குள்ளிருந்து வர்ணம் கலக்குகிற ஆள் "மேஸ்திரி, மேஸ்திரி" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தான். நான் அசையாமல் நின்றேன்.

"ஒன்னத்தான் கூப்பிடறான், போ" என்றார் முதலாளி.