மூக்காயி கழுவிய எட்டுக் கல்

மூக்காயி எனக்கு மருமகள் முறை. என் பெரியப்பா மகள் வெள்ளையம்மாவின் மூத்த பிள்ளை. கலவானைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவள். ஏழு வருடத்துக்கு முன், வெசாக் பண்டிகை கழிந்த வாரத்து மழையில் பன்னிரண்டாம் நம்பர் மலை சரிந்தபோது, அவளுடைய ஒரே மகள் கோகிலா மண்ணோடு போனாள். ஆமிக்காரர்கள் ஆறு நாள் தோண்டினார்கள். செருப்பு ஒன்று கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை.

போன மாசியில் மாவனல்லையிலிருந்து மஷூர் என்று கற்களைப் பற்றிப் படித்த பிள்ளை ஒருவர் வந்தார். பல்கலைக்கழகத்தில் கற்களுக்கென்றே ஒரு காட்சிசாலை கட்டுகிறார்களாம். எங்கள் மலைக் கல்லும் அதில் இருக்க வேண்டுமாம். மலை தெரிந்த ஆள் கேட்டார். மூக்காயி போனாள். அவர் சுத்தியலால் பாறையை உடைப்பார். கல்லில் ப்ளாஸ்டர் துண்டொன்றை ஒட்டி நம்பர் எழுதுவார். அந்த நம்பருக்கு எது இடம் என்று கொப்பியில் குறிப்பார். இவள் கொழுந்துக் கூடையில் போட்டுச் சுமந்து இறக்குவாள்.

ஏழு கல் எடுத்தபின் அவளே கேட்டாள்.

“பன்னண்டாம் நம்பர்லயும் ஒன்னு எடுங்க சேர். எம்புள்ளைக்கு ஒரு மண்மேடுகூட இல்ல. அந்தக் காட்சிசாலையிலயாவது ஒரு கல்லு இருக்கட்டும்.”

மஷூர் மறுக்கவில்லை. சரிவில் உருண்டு கிடந்த கல் ஒன்றை எட்டாம் நம்பராக எடுத்தார். எல்லாவற்றையும் அவள் லயத்து வீட்டு வாசலில் வைத்துவிட்டு, ஏற்றிப்போக வேன் பார்க்கப் பெல்மதுளைக்குப் போனார்.

மூன்றாம் நாள் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எட்டுக் கல்லும் கழுவித் துடைத்துச் சாக்கின்மேல் இருந்தன. ஒன்றிலும் நம்பர் இல்லை. பேசின் தண்ணீரில் ஊறி ப்ளாஸ்டரெல்லாம் கழன்றுவிட்டது.

“என்னம்மா செஞ்சீங்க?”

“பெரிய மனுசங்க பாக்குற எடத்துக்குப் போகுது. அழுக்கோடயா அனுப்புறது?”

“எந்தக் கல்லு எந்த இடம்னு தெரியாட்டி வைக்க ஏலாம்மா. ரோட்டுக்குக் கொட்டுற கல்லும் இதுவும் ஒன்னுதான். எட்டையும் இங்கயே விட்டுட்டுத்தான் போகணும்.”

மூக்காயிக்கு முகம் செத்துப்போயிற்று. பிள்ளைக்கென்று கேட்டு வாங்கிய இடம். தன் கையாலேயே அழித்துவிட்டாள். பிறகு குந்தி உட்கார்ந்து ஒரு கல்லைத் தூக்கி மடியில் வைத்தாள்.

“சொமந்தவளுக்குத் தெரியாதா சேர்? இது நல்லையா மச்சான் வழுக்கி விழுந்து கால ஒடைச்ச தண்ணிக் கான் ஓரம். இது எங்க மாமியாள அடக்கம் பண்ணுன மேட்டுக்குக் கீழ. இது சின்னம்மா அக்காவப் பாம்பு தீண்டுன எடம்.”

“சும்மா சொல்லாதீங்க. எல்லாம் ஒரே மாதிரி கறுப்பும் வெள்ளையும். எனக்கே பிரிச்செடுக்க ஏலாம இருக்கு.”

“நம்பாட்டி ஏறுங்க. படிச்ச காலு வலிச்சா கூடையில ஒக்காருங்க, தூக்கிட்டுப் போறேன்.”

ஏறினார்கள். உடைத்த பாறையில் அந்தக் கல்லை வைத்தால் பானைக்கு மூடி மாதிரி உட்கார்ந்தது. அடுத்ததும் அப்படியே. இருட்டுவதற்குள் ஏழும் பொருந்தின. மஷூர் ஒவ்வொன்றிலும் நம்பர் எழுதினார்.

எட்டாவதைப் பொருத்திப் பார்க்கப் பாறை இல்லை. அது உருண்டு வந்த கல். ஆனால் அதன் வெள்ளைக் கீற்றுகளில் மட்டும் மஞ்சள் ஏறியிருந்தது.

“இதுல மட்டும் ஏன் மஞ்சள்?”

மூக்காயி சரிவைப் பார்த்தபடி சொன்னாள்.

“செத்தவங்களக் குளிப்பாட்டித்தானே அனுப்பணும். எம்புள்ளைய நான் குளிப்பாட்டல. மத்ததுக்கெல்லாம் வெறுந்தண்ணி. இதுக்கு மஞ்சள் தேச்சு ஊத்துனேன்.”

“எத்தின தரம் ஊத்துனீங்க?”

“மூணு.”

“எங்க முஸ்லிம் ஆக்கள்லயும் மூணு தரந்தான் ஊத்துறது,” என்றார் மஷூர்.

கறை பிடித்த கல் என்றால் உடைத்து உள்பக்கத்தைத்தான் காட்சிக்கு வைப்பார்களாம். கையில் எடுத்த சுத்தியலை அவர் திரும்பப் பைக்குள் போட்டார். கொப்பியில் எழுதி, வாசித்தும் காட்டினார்: “எட்டு. பன்னிரண்டாம் நம்பர் மலை, சரிவில் கிடந்தது. இடம் சொன்னவர் மூக்காயி. மஞ்சள் நிறம் கல்லினுடையது அல்ல. கழுவ வேண்டாம்.”

ஐப்பசியில் காட்சிசாலை திறந்தார்கள். துணைக்கு என்னையும் கூட்டிப் போனாள். நீள மேசையில் கற்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு சிறு அட்டை. எட்டாவதின் அட்டையில் மலையின் பெயர் இருந்தது. கோகிலாவின் பெயர் எங்கும் இல்லை. மஞ்சள் அப்படியே இருந்தது.

குனிந்து பார்த்தவளிடம் காவல்காரர் சிங்களத்தில், “அத்த தியன்ட எபா அம்மே,” என்றார். கை வைக்க வேண்டாமாம்.

“தியன்னே நே மாத்தயா,” என்றாள் மூக்காயி. வைக்க மாட்டேன் என்று. சேலை முந்தானைக்குள் இரண்டு கையையும் சுருட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகும் வரை அங்கேயே நின்றாள்.