வெள்ளிக்கு நடுவே ஒரு கருவேலங்கிண்ணம்

சீமைக்கருவேலம் அடுப்பெரிக்கத்தான் லாயக்கு என்பார்கள். நான் அதைப் பச்சையாகவே லேத்தில் ஏற்றி, ஈரம் முகத்தில் தெறிக்கத் தெறிக்கக் கிண்ணம் கடைகிறவள். தடிமனாகக் கடைந்தவை எல்லாம் காய்ந்ததும் வெடித்தன. பிறகு மெலிதாகக் கடைந்தேன். வெடிக்கவில்லை, ஆனால் லேசாகக் கோணிக்கொண்டன.

மகள் கல்யாணத்துக்கு எங்கள் காரைக்குடி வீட்டு வளவு முற்றத்தில், வந்தவர்கள் பார்க்கச் சீர்சாமான் பரப்பியபோது, வெள்ளிப் பாத்திரங்களுக்கு நடுவே அப்படி ஒன்றை வைத்தேன். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

"யாராச்சும் கேட்டா தேக்குன்னு சொல்லிரு" என்றார்.

கேட்டது மாப்பிள்ளையின் அம்மாவே. கிண்ணத்தைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மரம் ஆச்சி இது? ஒரு பக்கம் கோணியிருக்கே?"

நாக்கு நுனிவரை தேக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"சீமைக்கருவேலம் ஆச்சி. பச்சையாக் கடைஞ்சா, காயும்போது அதுவாக் கோணிரும். நான்தான் கடைஞ்சேன்."

அவர் என் கைகளைப் பார்த்தார்.

"நீங்களா கடைஞ்சீக?" என்றவர், அதற்குப் பிறகு கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை. வெள்ளியெல்லாம் பெட்டிக்குள் அடங்கி வேனில் ஏறியது. கருவேலங்கிண்ணம் அவர் மடியில் உட்கார்ந்து காரில் போனது.

மறுநாள் என் வீட்டுக்காரர், கேட்காதவர்களிடமெல்லாம் அது சீமைக்கருவேலம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் சிரித்துக்கொண்டேன். தேக்கு என்று சொல்லியிருந்தால், அது வெறும் கோணல் கிண்ணம்தானே.